காலையில் முதல் மூன்று நிமிடம் மட்டும் டக் டக் சத்தம்: கொரோல்லா 121, கந்தப்பளை

கந்தப்பளை டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நான் கந்தப்பளையில் இருக்கிறேன். ராகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். என்னிடம் இருப்பது 2003ஆம் ஆண்டு கொரோல்லா 121, 1500 சிசி பெற்றோல், ஓட்டோ கியர். வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. மீட்டரில் 1 இலட்சத்து 86 ஆயிரம் கிலோமீற்றர்.

காலை ஐந்தேமுக்காலுக்கு ஸ்டார்ட் செய்கிறேன். சாவியைத் திருப்பியதும் சங்கிலியைத் தகரத்தின் மேல் இழுப்பதுபோல ஒரு 'கரகர'. இரண்டு எண்ணுவதற்குள் அது போய்விடும். பிறகுதான் 'டக் டக் டக்' என்று, தையல் மெஷின் ஓடுவதுபோல. அக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே வேகமாகும். மூன்று நிமிடம், சில நாள் நாலு. பிரதான வீதிக்கு ஏறி இரண்டாவது வளைவு தாண்டுவதற்குள் அடங்கிவிடும். மத்தியானம் பாடசாலை விட்டு ஸ்டார்ட் செய்தால் அரை நிமிடம்கூட இருக்காது. மார்கழி விடுமுறையில் கொழும்பில் இரண்டு நாள் நின்றேன், அங்கே காது கொடுத்துக் கேட்டால்தான் தெரிந்தது. தை மாதம் உறைபனி விழுந்து, உருளைக்கிழங்கு இலையெல்லாம் கருகிக் கிடந்த அந்த வாரம்தான் மிக மோசம்.

பக்கத்தில் ஒரு கராஜில் காட்டினேன். மத்தியானம்தான் போக முடிந்தது. பத்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, பிக் எண்ட் (பிஸ்டன் தண்டை க்ராங்கில் பிடிக்கும் பெயரிங்) போகப்போகிறது, எஞ்சினை மாற்றுங்கள், மூன்றரை இலட்சம் வரும் என்றார்கள். அதுவரை சத்தத்தை அடக்க 20டபிள்யூ-50 ஒயில் ஊற்றி, பில்டரும் மாற்றி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு காலைச் சத்தம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. இன்னொரு கராஜில், டெப்பட் (வால்வை அமுக்கித் திறக்கும் பாகம்) லூஸ், ஸ்க்ரூவைத் திருகிச் சரி பண்ணலாம், அரை மணி நேர வேலை என்கிறார்கள். யாரை நம்புவது என்று தெரியவில்லை. மூன்றரை இலட்சம் என்பது எனக்கு ஐந்து மாதச் சம்பளத்துக்கு மேலே.

என் அப்பா இருபத்தெட்டு வருடம் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டினவர். இந்தச் சத்தம் அவர் காதில் விழுந்திருந்தால் நான் இங்கே வந்து கேட்கவே தேவையில்லை. ஆனால் ஐந்து வருடமாக அவருக்கு இரண்டு காதும் கேட்காது. அவரை மாதம் ஒருமுறை நுவரெலியா ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு இந்தக் காரில்தான் கூட்டிப்போகிறேன். நடுவழியில் நின்றுவிடுமோ என்ற பயம்தான் எனக்கு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதுளை டொல்பின்

டீச்சர், பயப்பட வேண்டாம். நான் டொல்பின் வான் ஓட்டுகிறேன், பாடசாலை ஹயர். குளிரில் என் வண்டியும் விடிய ஐந்து நிமிடம் கல்லுடைப்பதுபோலத்தான் அடிக்கும். டீசல் எஞ்சினைக் குளிரில் சூடாக்கும் க்ளோ ப்ளக் நாலையும் கழற்றி டெஸ்ட் லாம்பில் பார்த்தேன், இரண்டு செத்துப்போயிருந்தன. புதிதாகப் போட்டதும் பாதிச் சத்தம் போய்விட்டது, வெள்ளைப் புகையும் நின்றது. டீசல் எஞ்சினில் குளிர் நேரம் எண்ணெய் உடனே பற்றாது. கொஞ்சம் சேர்ந்து, பிறகு ஒரேயடியாக வெடிக்கும். அந்த அடிதான் சத்தம்.

உங்களுடையது பெற்றோல் என்பதால் க்ளோ ப்ளக் கதை பொருந்தாது. ஆனால் குளிர்ச் சத்தம் எல்லாமே சாவுச் சத்தம் இல்லை என்பதற்காகச் சொன்னேன். தடித்த ஒயில் போட்டது நல்லதுதான் என்று நினைக்கிறேன். எங்கள் பக்கம் பழைய எஞ்சின் எல்லாவற்றுக்கும் 20டபிள்யூ-50 தான் ஊற்றுகிறார்கள்.


கம்பளைக்காரன்

நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்கிறேன், டீச்சர். அலட்சியம் பண்ண வேண்டாம். நான் பண்ணினேன்.

என்னுடையது பழைய சன்னி. நுவரெலியாவில் மரக்கறி எடுக்க வாரம் இரண்டு தடவை ஏறுவேன். ஒருநாள் புசல்லாவை தாண்டி ஏற்றத்தில் கீழேயிருந்து 'டொக் டொக்' என்று கனமான சத்தம். கால் எடுத்தால் குறையும், மிதித்தால் கூடும். வீட்டில் காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் இருக்காது. அதனால் பெரிதாக எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் இறம்பொடை ஏற்றத்தில் கொன்ரொட் (பிஸ்டன் தண்டு) உடைந்து எஞ்சின் பிளாக்கையே ஓட்டையாக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ரோடெல்லாம் ஒயில். பின்னால் வந்த பஸ் சறுக்காமல் நின்றது கடவுள் புண்ணியம்.

பிக் எண்ட் சத்தத்தை நான் மறக்கவே மாட்டேன். அது சூடு ஏற ஏறத்தான் வளர்ந்தது. ஒயில் சூட்டில் தண்ணியாகிறதல்லவா, அப்போதுதான் பெயரிங்கில் உள்ள இடைவெளி வெளியே தெரியும். உங்களுடையது நேர்மாறாக, சூடானால் போகிறது என்கிறீர்கள். அது எனக்கு நல்ல அறிகுறியாகப்படுகிறது. ஆனாலும் ஏற்றத்தில், நல்ல சூட்டில், ஜன்னலை இறக்கி ஒரு பக்கத்துச் சுவரோரமாகப் போகும்போது கேட்டுப் பாருங்கள். சுவரில் பட்டுத் திரும்பி வரும் சத்தத்தில் நன்றாகத் தெரியும்.


ஹட்டன் பழைய பாஸ்

மகள், எஞ்சினை யாரும் கழற்ற விடாதீர்கள், இப்போதைக்கு. குளிரில் வரும் சத்தத்தை மத்தியானம் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்டு முடிவு சொல்ல எந்தப் பாஸாலும், எந்த மெக்கானிக்காலும் முடியாது. நான் ஹட்டனில் முப்பது வருடத்துக்கு மேல் கராஜ் வைத்திருந்தவன், இப்போது பிள்ளைகள் பார்க்கிறார்கள். குளிர்ச் சத்தம் என்று வண்டி வந்தால் ராத்திரி என்னிடமே விட்டுவிட்டுப் போகச் சொல்வேன். பொனட்டை முதல்நாள் சாயந்திரமே திறந்து வைத்து, விடிய நானே வந்து சாவி போடுவேன். அந்த முதல் ஒரு நிமிடம் போனால் அடுத்த நாள் விடியும்வரை அது திரும்பி வராது.

நீங்கள் எழுதியதைக் கவனமாக வாசித்தேன். உங்கள் காரில் இரண்டு சத்தம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது.

முதல் சத்தம், அந்த இரண்டு எண்ணும் 'கரகர'. ராத்திரி முழுக்க ஒயில் எல்லாம் கீழே உள்ள ஒயில் தொட்டிக்கு, சம்புக்கு, இறங்கிவிடும். நல்ல பில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கிறது. பில்டரில் இருக்கும் ஒயில் திரும்பி ஓடிவிடாமல் அது பிடித்து வைத்திருக்கும். பில்டர் வாயைப் பார்த்தீர்களானால் நடுவில் பெரிய துளை, சுற்றி சின்னச் சின்னத் துளைகள். அந்தச் சின்னத் துளைகளுக்குள் எட்டிப் பார்த்தால் ரப்பர் தெரிய வேண்டும். மலிவுப் பில்டரில் அந்த ரப்பர் குளிருக்கு விறைத்துப்போய்ச் சரியாக மூடாது. அப்போது காலையில் பில்டர் வெறும் கூடாக இருக்கும். அது நிறைந்த பிறகுதான் மேலே ஒயில் போகும். உங்கள் எஞ்சினில் டைமிங் பெல்ட் இல்லை, செயின். அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனருக்கும் ஒயில் அழுத்தம்தான் பலம். அழுத்தம் வரும்வரை செயின் ஆடும், கரகரக்கும்.

இந்த நிலையில் 20டபிள்யூ-50 ஊற்றியது தப்பு. பதுளைத் தம்பி கோபிக்க வேண்டாம், கீழ்நாட்டில் தேய்ந்த எஞ்சினுக்கு அது சரி. டபிள்யூ என்கிற எழுத்து குளிர்காலத்துக்கானது. அதற்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் ஒயில் சீக்கிரம் ஓடும். பின்னால் உள்ள எண், எஞ்சின் நல்ல சூட்டில் இருக்கும்போது எவ்வளவு தடிப்பு என்பது. கொழும்பில் விடியற்காலையிலும் 24, 25 பாகை. கந்தப்பளையில் தை மாசி விடியலில் 5 பாகைக்கும் இறங்கும். அந்தக் குளிரில் 20டபிள்யூ ஒயில் சீனிப்பாணி மாதிரி நிற்கும். பம்ப் இழுக்கவே நேரம் எடுக்கும். இந்த எஞ்சினுக்கு 5டபிள்யூ-30, இல்லாவிட்டால் 10டபிள்யூ-30 போதும். சத்தத்தைத் தடித்த ஒயிலால் மூடி வைப்பது வைத்தியம் ஆகாது.

இரண்டாவது, 'டக் டக்'. அதற்கு நான் நாலு பேரைச் சந்தேகப்படுவேன்.

டெப்பட். உங்கள் எஞ்சினில் ஸ்க்ரூவே கிடையாது! வாளி மாதிரி ஒரு லிஃப்டர்தான் கேம்ஷாஃப்டுக்கு அடியில் இருக்கிறது. இடைவெளி சரியில்லாவிட்டால் கேம்ஷாஃப்டைக் கழற்றி, வேறு தடிப்புள்ள லிஃப்டர் போட வேண்டும். குளிர் எஞ்சினில் இன்டேக் பக்கம் 0.15 முதல் 0.25 மி.மீ., எக்ஸோஸ்ட் பக்கம் 0.25 முதல் 0.35 மி.மீ. இருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் ஸ்க்ரூ திருகுகிறேன் என்றவர் கவரைத் திறந்து பார்க்காமலே பேசியிருக்கிறார்.

அடுத்தது பிஸ்டன் தட்டுவது. பிஸ்டன் அலுமினியம். குளிரில் கொஞ்சம் சுருங்கி நின்று சுவரில் தட்டும், சூடானால் விரிந்து அடங்கும். அது மந்தமான சத்தம், மரக் கதவை விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி. தையல் மெஷின் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிக் எண்ட் பற்றிக் கம்பளைத் தம்பி சொன்னது சரியான வார்த்தை. நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன்.

நாலாவது, எக்ஸோஸ்ட் மெனிபோல்ட், அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் குழாய். எனக்கு மனசு இதில்தான் போகிறது. கெஸ்கட் எரிந்தோ, ஸ்டட் உடைந்தோ, நட் லூஸாகியோ ஒரு முடி அளவு இடைவெளி விட்டிருந்தால், அந்தச் சிலிண்டர் புகை தள்ளுகிற ஒவ்வொரு தடவையும் 'டக்' என்று வெளியே பீறும். சூடானதும் இரும்பு விரிந்து இடைவெளி தானாக மூடிக்கொள்ளும். குளிர் கூடின நாளில் மூட நேரம் எடுக்கும், கொழும்பில் சீக்கிரம் மூடும். நீங்கள் சொன்னதும் அப்படித்தானே இருக்கிறது? டெப்பட்டும் மெனிபோல்ட் ஒழுக்கும் ஒரே தாளம். க்ராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு சிலிண்டரின் எக்ஸோஸ்ட் வால்வு ஒரு தடவைதான் திறக்கும். அதனால் காதை மட்டும் நம்பினால் பெரிய பெரிய பாஸ்மாரே இதில் ஏமாந்துபோவார்கள். நானும் ஒரு லான்சரில் ஏமாந்து, வால்வு கவரை இரண்டு தடவை திறந்திருக்கிறேன். அந்தக் கஸ்டமரின் காசு வீணாய்ப்போனது இன்னும் மனசில் இருக்கிறது.

இவைகளுக்குப் பதில் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆனதும் சிவப்பு ஒயில் லைட் எத்தனை செக்கனில் அணைகிறது? டிப்ஸ்டிக்கில் ஒயில் எவ்வளவு? காருக்குள் புகை வாடை வருகிறதா?

அப்புறம் ஒரு சோதனை. கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஓஃப், குளிர். முதலாம் சிலிண்டரின் இன்ஜெக்டர் ப்ளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கொயிலைக் கழற்ற வேண்டாம், அப்படிச் செய்தால் எரியாத பெற்றோல், புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக்குப் போய் அதைச் சூடாக்கிக் கெடுக்கும். எஞ்சின் நடுங்கும், எஞ்சின் லைட்டும் எரியும், பரவாயில்லை. ஒரு காலைக்கு ஒரு சிலிண்டர்தான், நாலு காலை. எந்தச் சிலிண்டரைக் கழற்றும்போது 'டக்' குறைகிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறான். நாலிலும் மாற்றமே இல்லை என்றால் டெப்பட்.

சேலையோடு பொனட்டுக்குள் குனியாதீர்கள். முந்தானையைப் பெல்ட் இழுத்தால் கை எடுக்க நேரம் இராது. காரை ஷெட்டுக்குள் வைத்து ஓடவிடவும் வேண்டாம், சாயந்திரமே வெளியே எடுத்து வையுங்கள்.


தலவாக்கலை 121

எனக்கும் இதே கார்தான். பெற்றோல் காரணமாக இருக்காதா, ஐயா? 92 அடித்தால் தட்டும், 95 அடித்தால் தட்டாது என்று எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் சொல்கிறார்கள்.


ஹட்டன் பழைய பாஸ்

தம்பி, பெற்றோலால் வரும் தட்டல் வேறு. அது சூடான எஞ்சினில், ஏற்றத்தில், அழுத்தி மிதிக்கும்போது 'கிணிகிணி' என்று வரும், கண்ணாடிக் குண்டுகளைப் போத்தலில் குலுக்கின மாதிரி. வீட்டு வாசலில் நின்று சும்மா ஓடும்போது வராது. அதுவும் மலையில் குறைவு. நுவரெலியா 1868 மீற்றர் உயரம், கடல்மட்டத்தோடு பார்த்தால் ஐந்தில் ஒரு பங்கு காற்றழுத்தம் அங்கே குறைவு. காற்றுக் குறைந்தால் சிலிண்டருக்குள் அமுக்கமும் குறையும். டீச்சர் 95 அடித்துக் காசைக் கரைக்க வேண்டாம்.


கந்தப்பளை டீச்சர்

ஐயா, இவ்வளவு பொறுமையாக எழுதினதற்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. அச்செடுத்து டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன்.

ஒயில் லைட் அணைய மூன்று செக்கனுக்கு மேல் போகிறது. போனில் வீடியோ எடுத்துப் பார்த்தேன். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கு ஒரு விரல் கீழே. கம்பளை அண்ணன் சொன்னபடி ராகலை ஏற்றத்தில் சுவரோரமாகப் போய்க் கேட்டேன். சூட்டில் ஒரு சத்தமும் இல்லை.

புகை வாடை இருக்கிறது, ஐயா. காலையில் ஹீட்டர் போட்டால் ஒரு கரி நாற்றம் வரும். பழைய கார் என்பதால் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். அப்பா இரண்டு தடவை கிளினிக்குக்குப் போகும் வழியில் தலை கனக்கிறது என்று சொன்னார். பிரஷராக இருக்கும் என்று நினைத்தேன். நீங்கள் கேட்ட பிறகு எனக்குக் கை நடுங்குகிறது.

இன்ஜெக்டர் சோதனையை என் சித்தப்பா மகன் வந்து செய்கிறான். நேற்று முதலாவது, இன்று இரண்டாவது. இரண்டிலும் மாற்றமில்லை.


ஹட்டன் பழைய பாஸ்

மகள், மற்ற எல்லாவற்றையும் விட இது முக்கியம். சரி பண்ணும்வரை ஹீட்டர் போடாதீர்கள், குளிர்ந்தாலும் இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிக்கொண்டு போங்கள். அப்பாவை அதில் ஏற்ற வேண்டாம், கிளினிக்குக்கு ஆட்டோ பிடியுங்கள். அவர் தலை கனத்ததை டொக்டரிடமும் சொல்லுங்கள். எஞ்சின் புகையில் இருக்கும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாற்றம் வருகிறதென்றால் அதோடு சேர்ந்து அதுவும் உள்ளே வருகிறது. நாற்றம் இல்லாவிட்டாலும் வரலாம்.

மூன்றாவது, நாலாவதையும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பிறகு ஒருநாள் காலையில் ஒரு கனமான ஈரத் துணியைச் சுருட்டி, சைலன்சர் வாயில் சில செக்கன் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். முழுதாக அடைக்க வேண்டாம், முகத்தையும் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புகைக்குப் போக வழி குறைந்தால், மெனிபோல்ட் ஒழுக்கு இன்னும் பலமாகக் கத்தும். பிஸ்டன் சத்தமோ டெப்பட் சத்தமோ துணிக்கு மாறாது.


பதுளை டொல்பின்

ஐயா சொன்னதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் வண்டியில் பிள்ளைகள் போகிறார்கள். நாளைக்கே என்னுடைய மெனிபோல்டையும் பார்க்கப் போகிறேன்.


கந்தப்பளை டீச்சர்

பத்து நாள் எழுதவில்லை, மன்னியுங்கள். தவணைப் பரீட்சை. நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

மூன்றாவது இன்ஜெக்டரைக் கழற்றின காலை, சத்தம் கிட்டத்தட்ட இல்லாமலே போனது. எஞ்சின் நடுங்கியது, ஆனால் அந்த 'டக் டக்' இல்லை. நாலாவதில் மறுபடி வந்துவிட்டது. மறுநாள் ஈரத் துணி. தம்பி பின்னால் அழுத்திப் பிடித்ததும் முன்னால் 'டக்' என்று இருந்தது 'டப் டப்' என்று வாசலெல்லாம் கேட்டது. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

மெனிபோல்டுக்கு மேலே உள்ள தகர மூடியைத் தம்பி கழற்றி வைத்தான். ஆனால் எங்கே பீறுகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றோம். அப்பா வாசற்படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கையால் கேட்டார். நான் கொப்பியில் எழுதிக் காட்டினேன்: 'குளிரில் டக் டக். மூன்றாம் சிலிண்டர். புகை எங்கே வெளியே வருகிறது என்று தெரியவில்லை.' அவர் வாசித்துவிட்டு, இன்றைக்கு இரும்பு சூடாகிவிட்டது, நாளைக்குப் பார்ப்போம் என்றார்.

மறுநாள் எங்களுக்கு முன்னாலேயே எழுந்து நின்றார். அந்தக் காலை நல்ல பனி. வாளித் தண்ணீரில் வலது கையை நனைத்துக்கொண்டு, தம்பியைச் சாவி போடச் சொன்னார். ஸ்டார்ட் ஆனதும் புறங்கையைக் கொண்டுபோய், தொடாமல், மெனிபோல்ட் ஓரமாக ஒவ்வொரு சிலிண்டராக நகர்த்தினார். ஈரக் கையில் காற்றுப் பட்டால் சில்லென்றோ சூடென்றோ உடனே தெரியுமாம். மூன்றாவதுக்கு அடிப்பக்கத்தில் கை நின்றது. நின்ற இடத்திலேயே இடது கையால் என் தோளில் தாளம் போட்டுக் காட்டினார். டக், டக், டக். எனக்குக் காதில் கேட்ட அதே வேகம். ஐந்து வருடமாக ஒரு சத்தமும் கேட்காத மனிதர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது செக்கன்கூட இராது, சூடு ஏறுகிறது என்று கையை எடுத்துவிட்டார்.

நுவரெலியாவில் ஒரு பாஸிடம் கொண்டுபோனோம், கண்ணாடியை இறக்கிக்கொண்டு. அப்பாவை ஏற்றவில்லை. ஆனால் அவர் சோக்கினால் அந்த இடத்தில் புள்ளி வைத்து அனுப்பினார். கழற்றினால், மூன்றாவதின் கீழ் ஸ்டட் உடைந்திருக்கிறது. கெஸ்கட் அந்த இடத்தில் எரிந்து, சுற்றிக் கருப்பாகக் கரி பிடித்திருக்கிறது. உடைந்த துண்டை எடுக்கத்தான் பாதி நாள் போனது. மெனிபோல்ட் முகத்தில் பாஸ் நேர்ப்பட்டை வைத்து வளைவு இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. கெஸ்கட்டும் ஸ்டட்டும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தன. ஒயிலை வடித்து 10டபிள்யூ-30 ஊற்றினோம். பழைய பில்டரை அந்தப் பாஸ் எனக்குக் காட்டினார். ஐயா சொன்ன அந்தச் சின்னத் துளைகளுக்குள் ரப்பர் இருந்தது, ஆனால் ஸ்க்ரூ ட்ரைவரால் அமுக்கினால் பிளாஸ்டிக் மாதிரி விறைப்பாக இருந்தது. வடித்த ஒயிலில் காந்தம் விட்டுப் பார்த்தோம், இரும்புத் தூள் ஒன்றும் ஒட்டவில்லை. கூலியும் சாமானும் எல்லாமாகச் சேர்த்து முப்பத்தோராயிரம் ரூபாய்.

இன்றோடு ஆறு காலை ஆகிவிட்டது. ஒயில் லைட் ஒரு செக்கனில் அணைகிறது, 'கரகர' இல்லை. 'டக்' இல்லை. குனிந்து காது வைத்தால் மெல்லிய 'டிக் டிக்' ஒன்று கேட்கிறது, அது இன்ஜெக்டர் வேலை செய்யும் சத்தம், எல்லாக் காரிலும் இருக்கும் என்று பாஸ் சொன்னார். கரி நாற்றம் முற்றாகப் போய்விட்டது. அப்பாவுக்குத் தலை கனத்ததை டொக்டரிடம் சொன்னேன், அவரும் பிரஷரைப் பார்த்து, வண்டிப் புகையைப் பற்றி விசாரித்தார். நேற்று முதல் தடவையாக அப்பாவை மறுபடி காரில் கூட்டிப்போனேன்.


கம்பளைக்காரன்

வாசிக்கவே சந்தோஷமாக இருக்கிறது, டீச்சர். அப்பாவுக்கு என் வணக்கத்தை எழுதிக் காட்டுங்கள்.


ஹட்டன் பழைய பாஸ்

கொழுந்து லொறிக்காரர் கை அப்படித்தான் இருக்கும். அந்தக் காலத்தில் எங்களுக்கும் ஸ்கேனர் ஒன்றும் இல்லை, நாங்களும் கையால்தான் பார்த்தோம். ஒன்று மட்டும், மகள்: புதுக் கெஸ்கட் சூட்டிலும் குளிரிலும் மாறி மாறி அமுங்கி இடம் பிடிக்கும். கொஞ்ச நாள் ஓடின பிறகு நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், குளிர்ந்த எஞ்சினில்.


கந்தப்பளை டீச்சர்

ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவிடம் காட்டினேன். சிரித்துக்கொண்டே கொப்பியில் முந்தின பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். கார் திரும்பி வந்த அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார்: 'பத்து நாளில் நட்டு பார்க்கணும். விடிய, சூடாக முதல்.' வருகிற புதன்கிழமை பத்தாவது நாள். தம்பியை ஸ்பானரோடு வரச் சொல்லியிருக்கிறேன்.